தகடு வைத்த காலோடு ஏழாயிரம்பண்ணை வரை

விருதுநகரில் இறங்கியதும் நான் முதலில் விசாரித்தது, உட்கார்ந்து போகும் கழிப்பறை உள்ள விடுதி எது என்றுதான். நான்கு வருடங்களாக இந்த ஊருக்கு வந்துபோகிறேன். இதற்கு முன் அப்படி ஒன்றைத் தேடியதில்லை. குத்தவைத்து உட்கார இரண்டு கணுக்கால்களும் மடங்க வேண்டும் என்பது, வலது கணுக்கால் மடங்காமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வழக்கமாகத் தங்கும் விடுதியின் மேலாளர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். நான் கேட்டதைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“அந்த மாதிரி ரூம் ரெண்டாவது மாடியிலதான் இருக்கு. கீழ இருக்கறதெல்லாம் நம்ம ஊரு மாதிரிதான். லிப்ட் கெடையாதே, என்ன செய்யப்போறீக?”

மாடிப்படியா, குத்தவைப்பதா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். கடைசியில் கீழ் அறையையே எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே ஜமீலாவிடமிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து சேர்ந்தது. நடுவில் வட்டமாக வெட்டிய நாற்காலி. ஜமீலா, எங்களுக்குச் சிவகாசி அச்சகங்களில் ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் காதர் பாயின் மனைவி. படுக்கையில் இருந்த மாமியாருக்காகச் செய்து வைத்ததாம். மேலாளர் போனில் புலம்பியதைக் கேட்டு, உடனே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை வெட்கம் போய்விட்டது.

மலேசியாவில், ஈப்போவில், அண்ணனும் தங்கை நானும் ஒரு அச்சுக் கடை வைத்திருக்கிறோம். கல்யாண அட்டைகள், ரசீதுப் புத்தகங்கள், ஆண்டுக் கடைசியில் நாட்காட்டிகள். நாட்காட்டிகளை மட்டும் சிவகாசியில் அடித்து வாங்குகிறோம். அதைப் பார்த்து வாங்கி வருவது என் வேலை. ஏழு மாதம் முன்பு ஒரு மழை நாளில், கடை வாசலில் இருக்கும் பெரிய சாக்கடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தேன். கணுக்காலில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. தகடு ஒன்று, திருகாணிகள் சில உள்ளே போயின. மாவுக்கட்டு, கக்கத்தில் கட்டை, பிறகு ஒற்றைக் கம்பு என்று படிப்படியாக இறங்கி வந்தேன். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, “எலும்பு அருமையாகச் சேர்ந்துவிட்டது” என்றார்.

“வலிக்கிறதே” என்றேன்.

“வலி போகும்” என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

இந்த வருடம் என் அண்ணன் மகன் போகட்டும் என்று வீட்டில் பேச்சு வந்தது. அவன் ஒருமுறை போய்வந்தால் அடுத்த முறையும் அவன்தான் போவான். எனக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருடத்துக்கு ஒருமுறை தனியாக விமானம் ஏறி, வேற்றூரில் நாலு பேரிடம் பேரம் பேசி, வேலையை முடித்துவிட்டு வருவது எனக்குப் பெரிய விஷயம். கால் சரியாகிவிட்டது என்று சொன்னேன். வீட்டில் ஒரு வாரம் நொண்டாமல் நடந்து காட்டினேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு எண்ணெய்ப் பரோட்டா. இந்த ஊரில் பரோட்டாவைக் கல்லில் சுடுவதோடு விடமாட்டார்கள். எண்ணெயில் முங்க வைத்து மொறுமொறுவென்று எடுத்து, நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டிச் சானாய் இதன் முன்னால் நோயாளி சாப்பாடு. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. அதை இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் நிறைவேற்றியதில்லை.

மறுநாள் சிவகாசி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்தடி எப்போதும் மோசம். ராத்திரியெல்லாம் யாரோ கணுக்காலுக்குள் சிமெண்ட் ஊற்றி வைத்ததுபோல இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நாலு தடவை நடந்தால் கொஞ்சம் இளகும். பிறகு புடவைக்குக் கீழே விளையாட்டுச் சப்பாத்து. வேறு எந்தச் செருப்பும் காலைத் தாங்குவதில்லை. பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள்.

இங்கே பேருந்துப் படிகள் உயரம். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது கெட்ட காலை. இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினால் பின்னால் நிற்பவர்கள் பொறுக்கமாட்டார்கள். “ஏறுங்கம்மா, வண்டி கெளம்புதுல்ல” என்று நடத்துநர் கத்தினார். ஏறியபின் என் சப்பாத்தைப் பார்த்தவர், முன் இருக்கையில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

அச்சகம் மூன்றாவது மாடியில். கடைசிப் படியில் ஏறி நிற்கவும் மின்சாரம் போகவும் சரியாக இருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. மை வாசனையில், வியர்வையில், ஈரம் காயாத தாள்களுக்கு நடுவே காத்திருந்தேன். ஒரே தாளில் எட்டு முருகன்கள், எல்லாரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மின்சாரம் வந்தபின் சரிபார்த்தேன். எங்கள் ஊர்ப் பொது விடுமுறைகள் எல்லாம் சரியான கட்டத்தில் சிவப்பாக இருந்தன. அடுத்தது தகரப் பிரச்சினை. நாட்காட்டியின் தலையில் அடிக்கும் தகரப்பட்டை போன வருடம் பாதிக்குமேல் கழன்று விழுந்து, வாடிக்கையாளர்கள் கடைக்கே வந்து திட்டினார்கள்.

அச்சக மேலாளர், “அது இங்கன அடிக்கறதில்ல. ஏளாயிரம்பண்ணைக்குப் பக்கத்துல ஒரு சின்ன யூனிட்டுக்குக் கொடுத்திருக்கோம். நாங்க ஆள விட்டுச் சொல்லிர்றோம். இந்தக் காலோட நீங்க எதுக்கு அலையணும்?” என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ‘இந்தக் காலோட’ என்ற வார்த்தைதான் எனக்கு உறைத்தது. “நாளைக்கு நானே போய்ப் பார்க்கிறேன்” என்றேன்.

மாலையில் ஜமீலா வீடு. வாசலிலேயே, “உக்காருங்கக்கா, கால நீட்டுங்க” என்றாள். சப்பாத்தைக் கழற்றியபோது காலுறையின் விளிம்பு தோலில் ஆழமாகப் பதிந்திருந்தது. பாதம் தனியாக வளர்ந்த பொருள் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு வாளியில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் கறிக்குழம்பும் இடியாப்பமும். வாளியில் காலும் மடியில் தட்டுமாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“இம்புட்டு வலிய வச்சுக்கிட்டு ஏன் வந்தீக? அண்ணன்ட்ட சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னால் அவர் மகனை அனுப்பிவிடுவார்.”

“அனுப்பட்டுமே. நீங்க வீட்ல ராணி மாதிரி இருங்க.”

“ஏழு மாதம் அப்படித்தான் இருந்தேன், ஜமீலா.”

அவள் இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தாள். காதர் பாய் உள்ளே வந்து, நாளைக்குக் கார் ஒரு கல்யாணத்துக்குப் போகிறது, நாளை மறுநாள் என்றால் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். பேருந்திலேயே போய்க்கொள்வேன் என்றேன். அந்த வீம்பை மறுநாள் காலை பத்து மணிக்குள் பலமுறை நொந்துகொண்டேன்.

ஆடி மாதம். சாத்தூர் பேருந்து நிலையம் முழுக்க இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். மஞ்சள் சேலைகள், அக்கினிச்சட்டிகள், மொட்டை போடப்போகும் குழந்தைகளின் அழுகை. அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணைப் பேருந்தைப் பிடித்தேன். அதில் கூட்டமில்லை. சன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் ஒயர்கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வலது கையில் முழங்கைக்குக் கீழேயும், கழுத்தில் ஒரு பக்கமும் தோல் சுருங்கி மினுமினுவென்று இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

“காலு என்னக்கா?”

“முறிந்துவிட்டது. ஏழு மாதமாகிறது.”

“எனக்கு எட்டு மாசம்” என்றாள், ஒரே வகுப்பில் படித்தவள் மாதிரி.

அவள் பெயர் மாரியம்மாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவள். பக்கத்து அறையில் பிடித்த தீ தாவி வந்ததாம். ஓடும்போது கையைத் தூக்கி முகத்தை மறைத்திருக்கிறாள். முகம் தப்பியது. மதுரை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்துவிட்டு, இன்றுதான் மறுபடி வேலைக்குப் போகிறாள்.

“உங்களுக்கு எப்பம் ரொம்ப வலிக்கும்?” என்று கேட்டாள்.

“காலையில் எழுந்ததும். பிறகு சாயங்காலம்.”

“எனக்கு மத்தியானம். வெயில் பட்டா இளுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கும். அரிப்பு வேற. சொறியவும் கூடாதாம்.” பிறகு, “இருக்கன்குடிக்குக் கால் வாங்கிப் போட்டீகளா?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கையோ காலோ குணமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தகட்டில் செய்த கை கால் உருவத்தைக் கோயில் உண்டியலில் போடுவார்களாம். இவளுடைய மாமியார் வெள்ளியில் ஒரு கை வாங்கிப் போட்டிருக்கிறார்.

“என் தகடு காலுக்குள்ளேயே இருக்கிறது” என்று சப்பாத்துக்கு மேலே தொட்டுக் காட்டினேன். தோலுக்கடியில் திருகாணியின் தலை ஒன்று தட்டுப்படும். அவள் தயங்காமல் விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஆத்தாடி! நாங்க உண்டியல்ல போட்டத நீங்க உள்ளயே வச்சுத் தச்சுட்டீக.”

ஏழு மாதத்தில் என் காலைப் பற்றி நான் சிரித்தது அதுதான் முதல்முறை.

நான் போகும் இடத்தைச் சொல்லிவிட்டு, கம்பெனி வேன் வருமே, ஏன் பேருந்தில் போகிறாய் என்று கேட்டேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “வேன் வந்துச்சு. எல்லாரும் ஏறுனாளுக. எனக்குக் காலு எந்திரிக்கல. போயிட்டு வாங்கடின்னுட்டேன். அப்புறம் மாமியா மூஞ்சியப் பாத்தேன். அதான் பஸ்ஸுல வந்துட்டேன்.”

அப்போதுதான் வண்டி ‘டம்’ என்றது. சக்கரம் வெடித்த சத்தம். அவ்வளவுதான். மாரியம்மாள் என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நகங்கள் பதிந்திருந்தன. நடத்துநர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு, மாற்றுச் சக்கரமும் சரியில்லை, அடுத்த வண்டி வரட்டும் என்றார். அது எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை. சிலர் நடக்கத் தொடங்கினார்கள். வேலிக்கருவை மரங்களுக்கு அப்பால், காய்ந்த கரிசல் காட்டுக்கு நடுவே, தள்ளித்தள்ளிக் கட்டிய சின்னச்சின்ன அறைகள் தெரிந்தன.

“அந்தா தெரியுதுல்ல, அதான் எங்க கம்பெனி. நீங்க போற எடம் அதுக்கு அங்கிட்டு. நடப்பீகளா?”

நடந்தேன். முதலில் நன்றாகவே நடந்தேன். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. சாலையோரம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சரிவான தரைதான் என் காலுக்கு முதல் எதிரி. ஒரு கூழாங்கல்லில் பாதம் பிரண்டது. கணுக்காலின் உட்பக்கம் சூட்டுக்கோலை வைத்து எடுத்ததுபோல இருந்தது. வாய்க்கால் பாலத்தின் சிறிய சுவரில் போய் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புழுதி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“வலிக்கிறது” என்றேன். “இதற்குமேல் என்னால் தனியாக நடக்க முடியாது.”

அதை வாய்விட்டுச் சொன்னதும் ஆச்சரியமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மாரியம்மாள் ஒயர்கூடையை இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு இடது தோளைக் கொடுத்தாள். “இந்தப் பக்கம் பிடிங்க. அந்தப் பக்கம் தொட்டா நான் கத்திருவேன்.”

மெதுவாகப் போனோம். என்னால்தான் மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வாசல் நெருங்க நெருங்க அவள் நடையும் சுருங்கியதைப் பிறகுதான் கவனித்தேன். காற்றில் கந்தக வாசனை வந்தது. அவள் நின்றாள்.

“யக்கா, கேட்டு வரைக்கும் வாரீகளா?”

“வருகிறேன்.”

வாசலில் போர்மேன் நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரத்தில் இருந்த மனிதர். “ஏம்மா மாரியம்மா, வேன விட்டுட்டு ஆடி அசைஞ்சு வார? சீசன் நேரத்துல ஆளு இல்லாம முளிச்சுக்கிட்டு இருக்கேன். போ, பளைய ரூமுக்கே போ.”

“மருந்து ரூமுக்குப் போகமாட்டேண்ணே. பாக்கிங்ல போடுங்க.”

“பாக்கிங்ல ஆளு நெறஞ்சு கெடக்கு. மருந்து ரூம்லதான் எடம் இருக்கு. இஷ்டம்னா போ, இல்லன்னா வீட்டுக்குப் போ.”

மாரியம்மாள் அசையவில்லை. “வீட்டுக்கே போறேன். அந்த ரூம்ல காலெடுத்து வைக்கமாட்டேன்.”

திரும்பிவிட்டாள். அப்போதுதான் போர்மேன் என்னை நன்றாகப் பார்த்தார். புடவை, விளையாட்டுச் சப்பாத்து, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கடவுச்சீட்டுப் பை, கையில் அச்சகத்தின் கறுப்புக் கோப்பு. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“மேடம்... சூலக்கரையிலருந்து வாரீகளா?”

சூலக்கரையில்தான் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் மாரியம்மாள் சொன்னாள்: “எங்கூட வந்திருக்காக.”

அது பொய் இல்லை. நானும் திருத்தவில்லை. கால் வலியில் முகம் இறுகிப் போயிருந்தது. அதை அவர் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

“பாக்கிங்லயே உக்காரும்மா” என்றார் போர்மேன், முற்றிலும் வேறு குரலில். “மேலுக்கு முடியாதவள நான் மருந்து ரூமுக்குப் போன்னு சொல்வேனா? சும்மா கேட்டுப் பாத்தேன். மேடம், ஒரு கலர் சாப்பிடுறீகளா?”

வேண்டாம் என்றேன். மாரியம்மாள் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. போர்மேன் எனக்கு ஒரு ஆளின் சைக்கிளை ஏற்பாடு செய்தார். நாட்காட்டி யூனிட் வரைக்கும் பின்னிருக்கையில், ஒரு கால் தொங்க, அதிகாரியைப் போலப் போய்ச் சேர்ந்தேன்.

தகர விஷயம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பட்டையின் அகலம் குறைவு. இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து அடித்துக் காட்டினார்கள். அகலமான பட்டையை வைத்து அடித்ததும் நான் தொங்கிப் பார்த்தாலும் கழலாது போல இருந்தது. யூனிட்டை நடத்திய அம்மா எனக்கு ஒரு முக்காலியும், காலுக்கு இன்னொரு முக்காலியும் போட்டார். காராச்சேவும் தேநீரும் வந்தன. சாத்தூர்க் காராச்சேவில் மிளகும் பூண்டும் நாக்கில் ஏறி, கொஞ்ச நேரத்துக்குக் காலை மறக்க வைத்தன.

அங்கிருந்த தொலைபேசிக் கடையிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை முடிந்தது என்றேன். பிறகு, “கால் வலிக்கிறது அண்ணா. வருவதற்கு முன்பே வலித்தது” என்றேன்.

“தெரியும்” என்றார் அண்ணன். “நீ நொண்டாம நடந்ததப் பாத்துதான் உன் அண்ணி அழுதா. அடுத்த வருஷம் என் மகனயும் கூட்டிக்கிட்டுப் போ. அவன் பை தூக்கட்டும், நீ பேசு.”

அடுத்த வருடம் அப்படியே நடந்தது. அதற்குள் தகட்டையும் எடுத்துவிட்டார்கள். வலி பாதி குறைந்தது. மீதி இன்றும் இருக்கிறது. நீண்ட நேரம் நின்றால் வரும், உட்கார்ந்தால் போகும். மருத்துவரிடம் எப்போது என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

தகரம் பார்க்கப் போன அன்று மாலை, சாத்தூர் திரும்பும் பேருந்தில் நிற்கவே இடமில்லை. கம்பெனி நிறுத்தத்தில் மாரியம்மாள் ஏறினாள். முந்தானையில் பசை ஒட்டியிருந்தது. கூட்டத்தில் நெளிந்து என்னிடம் வந்து சேர்ந்தாள்.

“வேனில் போகவில்லையா?”

“வேன்ல அம்புட்டுப் பேரும் கேள்வி கேப்பாளுக. இதுல நீங்க ஒருத்திதான.”

மத்தியானம் யாரோ தகர மூடியைக் கீழே போட்டிருக்கிறார்கள். அறையிலேயே முதலில் எழுந்து ஓடியவள் இவள்தானாம். வாசல் வரை போனபிறகுதான் மூடி என்று தெரிந்திருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாளாம். சொல்லும்போது சிரிக்கவில்லை.

“நாளைக்கும் வருவாயா?”

“வரணும்” என்றாள். “கை வலிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. உங்களுக்கு?”

“வலித்துக்கொண்டேதான் இருந்தது.”

அப்போது எங்களுக்கு முன்னால் ஒரு இருக்கை காலியானது. “நீங்க உக்காருங்கக்கா” என்றாள். “நீ உட்கார், நாள் முழுக்க வேலை செய்திருக்கிறாய்” என்றேன். “ஒத்தக் காலுல நிக்கிறீக, உக்காருங்க.” “முடியாது, நீ உட்கார்.” அவள் என்னைத் தள்ள, நான் அவளைத் தள்ள, எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஒரு பெரியவர் வெள்ளரிக்காய் மூட்டையோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு கண்ணை மூடித் தூங்கியும் போனார்.

மாரியம்மாள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். சாத்தூர் வரும்வரை அவள் இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நான் இடது காலில் நின்றேன். வண்டி வளையும்போதெல்லாம், வலிக்காத பக்கமாகப் பார்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டோம்.